ஐந்து நிறமும் ஒரே அளவு வேண்டாம், சித்தி

அன்புள்ள சித்தி,

நீங்கள் பின்னப்போகும் முக்கோண சால்வைக்கு அனுப்பிய நூல் படத்தைப் பார்த்தேன். மயில் நீலம், மஞ்சள், அரக்கு, பச்சை, கத்தரிப்பூ ஊதா எல்லாம் நன்றாகவே சேருகின்றன. ஆனால் நிறத்துக்கு ஓர் உருண்டை என்று கணக்குப் போட்டு வாங்கிவிடாதீர்கள்.

இந்தச் சால்வையைக் கழுத்தின் பின்பக்க நடுவில் ஏழெட்டுக் கண்ணியோடு (ஊசியில் விழும் நூல் வளையம்தான் கண்ணி) தொடங்குவோம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் நான்கு கண்ணி கூடும்: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுக்கோட்டின் இருபக்கமும் ஒவ்வொன்று. ஆரம்பத்தில் ஒரு வரிசை நொடியில் முடியும். கீழே போகப் போக ஒரே வரிசையில் 300 கண்ணி வந்துவிடும் (நேர் ஊசியில் அடங்காது, இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பியால் இணைத்த 100 செ.மீ. வட்ட ஊசி வாங்குங்கள்). நூலும் அதே கணக்கில்தான் கரையும். ஐந்து நிறமும் ஒரே அகலப் பட்டையாக வர வேண்டும் என்றால், முதல் நிறத்துக்கு 1 பங்கு நூல், அடுத்தடுத்தவற்றுக்கு 3, 5, 7, 9 பங்கு. ஐந்தையும் சம எடையில் வாங்கித் தீரத் தீரப் பின்னினாலோ, கழுத்திலிருந்து கீழ் முனை வரையுள்ள ஆழத்தில் முதல் நிறமே சுமார் 45 சதவிகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசி நிறத்துக்கு 11 சதவிகிதம்தான். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பிடிக்கும். மேலே விரிந்த ஒரே நிறம், கீழே வர வர ஒடுங்கும் பட்டைகள். எது வேண்டுமென்று வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஓர லேஸுக்கு மட்டும் ஒரே நிறம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஓட்டை விழும், ஒரு கண்ணி கூடும். பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைச் சரிசெய்கிறோம். அந்த ஓட்டைகள் ஒழுங்காக நின்றால்தான் இலையோ கொடியோ தெரியும். நடுவில் நிறம் மாறினால் கண் நிறத்தின் பின்னால் போய்விடும், இலை காணாமல் போகும்.

சால்வைக் கண்ணிகளை முடிக்காமல் ஊசியிலேயே விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு கண்ணி அகலத்தில் லேஸைக் குறுக்காகப் பின்னிக்கொண்டு போங்கள். சால்வைப் பக்கம் வரும்போதெல்லாம் லேஸின் கடைசிக் கண்ணியோடு சால்வையின் ஒரு கண்ணியைச் சேர்த்துப் பின்ன வேண்டும். 300 கண்ணிக்கு 600 குட்டி வரிசை! பொறுமை வேண்டும்தான். ஆனால் 300 கண்ணியைத் தனியாக முடிக்கும் வேலை மிச்சம்.

குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், பழகிய கை உங்களுடையது. அதில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும், நழுவினாலும் பிடித்துவிடலாம். இங்கே லேஸில் ஒன்று நழுவினால் கீழே ஓடும். எது கண்ணி, எது சுற்றிய நூல் என்றே புரியாது. அதனால் டிசைன் ஒரு முறை முடியும்போதெல்லாம் வேறு நிறத் தையல் நூலை லேஸ் கண்ணிகளுக்குள் கோத்துவையுங்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த நூலோடு நிற்கும்.

முடித்ததும் சுருண்டு கசங்கித்தான் கிடக்கும், பயப்படாதீர்கள். கம்பளி நூல் என்றால் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, லேஸின் ஒவ்வொரு முனையையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். அக்ரிலிக் வெறும் தண்ணீருக்கு மசியாது. நீராவி காட்ட வேண்டும், இஸ்திரிப் பெட்டி மேலே படக் கூடாது. அப்புறம், அரக்கு சாயம் விடுகிறதா என்று முதலிலேயே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

லேஸுக்கு நான் மயில் நீலத்தைச் சொல்வேன். எதை எடுத்தாலும் அந்த நிறத்தில் இரண்டு உருண்டை, ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்). லாட் மாறினால் ஓரத்தில் பாதி வெளுத்த மாதிரி தெரியும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்