விழுந்த மரம் அங்கேயே கிடக்கட்டும்

அன்புள்ள பெருசு,

நலம்தானே? முழங்கால் வலி தேவலையா, கடைக்குட்டி பரீட்சை முடித்துவிட்டாளா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு விஷயம். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, அடுப்பில் வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்குள்ளேயே இருக்கும் காட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். குளம் வரை நடப்பது, வழியில் இருபது மரங்களின் பெயரை எழுதிக்கொள்வது என்று பள்ளியில் திட்டம் போட்டு ஒரு தாளும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். குளத்தை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாதி வழியில், போன மழைக்காலத்துக் காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரம் கிடக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அதற்குக் காரணம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். அடிமரத்துக்குக் கீழே மழை படாத புழுதியில் சின்னச் சின்னக் குழிகளைக் காட்டி, "இது யாரு தோண்டினது?" என்றான். குழியானை! உனக்குச் சொல்ல வேண்டுமா? (டீச்சர் மேஜை டிராயர். இதற்கு மேல் எழுத மாட்டேன்.) சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சரிவில் அது மணலை நிறுத்தி வைக்கிறது, எறும்பு கால் வைத்த உடனே மணல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்று விளக்கினேன். இந்தப் புழுவுக்குக் கழிவை வெளியேற்ற வழியே கிடையாது, சிறகு முளைத்துப் பூச்சியாக வெளியே வரும்வரை எல்லாவற்றையும் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் என்றதும் ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண், "எவ்ளோ நாள் மிஸ்?" என்று கேட்டாள். இரை சரியாகக் கிடைக்காவிட்டால் இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்றேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிறகு மரத்தின் மேல் கவனம் போனது. உரிந்து நின்ற பட்டையை மெதுவாகத் தூக்கிக் காட்டினேன். மரவட்டை, பூரான், வெள்ளை வெள்ளையாக வண்டுப் புழுக்கள், ஈரக் கட்டைக்குள் நூலாக ஓடும் பூஞ்சை இழைகள். பார்த்து முடித்ததும் பட்டையை இருந்தபடியே மூடிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நான் போட்ட சட்டம். மேல்கிளையில் ஒரு பொந்து இருந்தது. குக்குறுவான் பறவை கொத்திய பொந்தாக இருக்கலாம். அது விட்டுப்போன பொந்தில் பிறகு மைனா குடியேறும், கிளி குடியேறும், புள்ளி ஆந்தையும் குடியேறும். இவர்கள் பெரும்பாலும் சொந்தமாக மரத்தைக் குடைவதில்லை. "செத்த மரம்னு சொன்னீங்க, உள்ள இவ்ளோ பேரு இருக்காங்க!" என்றான் ஒருவன். பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் 20 முதல் 25 விழுக்காடு பட்டுப்போன மரத்தை நம்பியே இருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள் தெரியுமா? அன்றைக்கு அவர்கள் தாளில் ஒரு மரத்தின் பெயர்கூட ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும். பெயரை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். மண்ணில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்க்கும் வயது திரும்ப வராது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும்போது வாசலில் ஒரு அறிவிப்பு தொங்கியது. பூங்காவை அழகுபடுத்தப் போகிறார்களாம். விழுந்த மரங்களை அகற்றுவது, சருகை வாரம்தோறும் பெருக்கி அள்ளுவது, நடைபாதை நெடுகிலும் உயரமான விளக்குக் கம்பங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை பெருசு.

மின்மினியை மட்டும் எடுத்துக்கொள். அதன் புழுப்பருவம் ஈரச் சருகுக்கு அடியில் நத்தையைத் தின்று கழிகிறது. பெருக்கி அள்ளினால் குட்டியோடு போயிற்று. தப்பி வளர்ந்தது இருட்டில் ஒளி காட்டித் துணை தேட வேண்டும். தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் யார் ஒளி யாருக்குத் தெரியும்? சருகு போன தரையில் வெயில் நேரே இறங்கி மண் காய்ந்துவிடும். மழைத்துளி நேரே அறைந்து மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். இதற்கு அழகுபடுத்துதல் என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாதை மேல் தொங்கும் காய்ந்த கிளையை வெட்டத்தான் வேண்டும், பிள்ளைகள் நடக்கிற இடம். ஆனால் வெட்டியதைப் பத்தடி உள்ளே தள்ளிப் போட்டால் போதும், லாரி எதற்கு? பாதையில் விழுந்த சருகை மட்டும் இருபுறமும் ஒதுக்கலாம். விளக்கு வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், மூடி போட்டு, தரையை மட்டும் காட்டுகிற மஞ்சள் விளக்காக வைத்து, வாசலைப் பூட்டும்போது அணைத்துவிடலாம்.

இதையெல்லாம் மனுவாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத எழுத எனக்குக் கோபம்தான் வருகிறது, மனு வரவில்லை. நீ எழுதிய ஒரே தாளுக்கு ஹாஸ்டல் வார்டனே மறுநாள் குழாய் போட்டுக் கொடுத்தாரே, அந்தக் கை இப்போது வேண்டும். கடுமையாகத் திருத்து. இரண்டாம் பக்கம் நீளம் என்று தோன்றினால் வெட்டு, ஆனால் மின்மினிப் பத்தியில் மட்டும் கை வைக்காதே. பிள்ளைகள் தனியே எழுதிய கடிதங்களையும் இதோடு சேர்த்துக் கொடுக்கலாமா, தனியாக அனுப்புவதா என்றும் சொல். வரும் வெள்ளிக்குள் திருத்தி அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பின் பெஞ்சுக்காரி