படத்தைப் பார்த்து ஈக்குப் பெயர் வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வட்டாரத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்றில், கருவாட்டுத் தட்டின்மேல் உட்கார்ந்திருந்த சாம்பல் நிற ஈ ஒன்றின் படம் பரவியது. "உடம்புக்குள் புழு வைக்கும் வெளிநாட்டு ஈ" என்ற எச்சரிக்கையும், அதற்குக் கீழே சார்கோபேகா கார்னேரியா என்ற இலத்தீன் பெயரும் எழுதப்பட்டிருந்தன. மாலைக்குள் அது சுற்றியுள்ள தோட்டங்களின் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. மறுநாள் பசாரில் அந்தக் கருவாட்டுக் கடையைத் தாண்டி ஆட்கள் ஒதுங்கிப் போனதை நானே பார்த்தேன். ஒரு குடும்பத்தின் பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெயருக்குரிய ஈ, சதை ஈ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது; ஐரோப்பிய நாடுகளில் வாழ்வது. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டது. சதை ஈ என்றாலே புத்தகங்களில் அதன் படத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டதால், முதுகில் கோடுள்ள சாம்பல் நிற ஈ எதைக் கண்டாலும் அந்தப் பெயரையே ஒட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் மாணவர்களின் சுவரொட்டியில் அதே பெயரை எழுதிக் கொடுத்தவன்; அந்தத் தவறு இன்றைக்கும் மனத்தை உறுத்துகிறது.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓரளவு தூரம் போகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. சதை ஈயின் மார்புப் பகுதியில் நீளவாக்கில் மூன்று கரிய கோடுகள் இருக்கும். நம் வீட்டுச் சமையலறையில் மொய்க்கும் ஈக்கு நான்கு கோடுகள். கருவாட்டிலும் குப்பையிலும் பளபளக்கும் பச்சை, நீல ஈக்களிலிருந்து, உலோக மினுமினுப்பு இல்லாத சாம்பல் நிறத்தால் சதை ஈயைப் பிரித்துவிடலாம். வயிற்றின்மேல் சதுரங்கப் பலகை போலக் கருப்பும் வெள்ளியுமாகக் கட்டங்கள் தெரியும். படம் எடுப்பவர்களை ஏமாற்றுவது இந்தக் கட்டங்கள்தான். அவை நிலையான வண்ணம் அல்ல. உடலின்மேல் படிந்துள்ள நுண்ணிய வெள்ளிப் பூச்சு, வெளிச்சம் விழும் திசைக்கேற்பக் கருப்பாகவும் வெள்ளையாகவும் மாறித் தெரிகிறது. ஒரே ஈயை இடப்புறமிருந்து ஒரு படமும் வலப்புறமிருந்து ஒரு படமும் எடுத்தால், கருத்த கட்டம் வெளுத்தும் வெளுத்த கட்டம் கருத்தும் போய், அவை இரண்டு வேறு ஈக்கள் என்று சாதிக்கும் அளவுக்கு மாறிவிடும். கைப்பேசியின் பளிச்சொளியைப் போட்டால் கட்டங்களே காணாமல் போவதும் உண்டு.

அதற்கு மேல் படம் உதவாது. சதை ஈக் குடும்பத்தில் உலகெங்கும் 3,000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன; அவற்றில் பெரும்பாலானவை மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல, ஆண் ஈயின் வயிற்று நுனிக்குள் மடங்கிக் கிடக்கும் இனப்பெருக்க உறுப்பை, ஈ இறந்து உடல் காய்வதற்கு முன் நுண்ணிய ஊசியால் வெளியே இழுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். பெண் ஈயாக இருந்தால் வல்லுநர்களே பல நேரங்களில் தயங்குவார்கள். பெயர் தெரியாத பூச்சியின் படத்தை ஏற்றினால் பெயர் சொல்லும் செயலிகளும் ஊகமாகத்தான் சொல்கின்றன. அந்த ஊகத்தை நம் மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் கவலைக்குரியது.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று சிலர் நினைக்கலாம்; அப்படியன்று. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியலாளர்கள் போன்றோர், பிணங்களில் கண்டெடுத்த புழுக்களைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணக்கிட உதவும்போது, இனம் மாறினால் புழு வளரும் வேகமும் மாறி, கணக்கே தவறிவிடும். சதை ஈ முட்டையிடுவதில்லை. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடுவதால், உயிருள்ள புழுக்களையே அது நேராக வைக்கிறது. அதனால் முட்டைக்கென்று கணக்கில் சேர்க்க வேண்டிய நேரம் சதை ஈக்கு இல்லை. "புழு வைக்கும் ஈ" என்ற பேச்சுக்கும் இதுவே மூலம். ஆனால் அது வைப்பது பெரும்பாலும் அழுகிய இறைச்சியிலும் மீனிலும் செத்த பிராணியிலும் சாணத்திலும்தான். கவனிக்காமல் விட்ட புண்ணில் சில இனங்கள் புழு வைப்பதுண்டு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. புண்ணைக் கழுவிக் கட்டி வைப்பதே அதற்குத் தடுப்பு. அதே குடும்பத்தைச் சேர்ந்த சில ஈக்கள் வெட்டுக்கிளிகளின் உடலில் வளர்ந்து அவற்றைக் குறைக்கின்றன. நம் நாட்டுக் காடுகளில் பெரியூக் கெரா என்று மலாய்க்காரர் சொல்லும் குடுவைச் செடியின் நீருக்குள்ளேயே வளரும் சதை ஈப் புழுவும் உண்டு. இப்படிப்பட்ட குடும்பம் முழுவதையும் ஒரே இலத்தீன் பெயருக்குள் அடைத்து, அதைக் கொண்டு ஒரு கடைக்காரரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாணவர் பக்கத்துக்கு ஈ, பூச்சிப் படங்கள் வரும்போது, "சதை ஈக் குடும்பம்" என்ற அளவோடு நிறுத்தி, இனப்பெயரை அச்சிடாமல் விடுங்கள். படம் அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரே படம் கேட்காமல், மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேரேயும் எடுத்த படங்களைக் கேளுங்கள். முகம் நேராகத் தெரிந்தால், இரு கண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகலா அகலமா என்று பார்த்து, ஆணா பெண்ணா என்று ஓரளவு கூறலாம். அளவு தெரிய, ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள 10 சென் காசை ஈ உட்கார்ந்த இடத்தில் வைத்து இன்னொரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். பிடிக்க முடிந்த ஈயைச் சிறு குப்பியில் போட்டு உறைபெட்டியில் வைத்து, நாளும் இடமும் எழுதி ஒட்டினால், பின்னாளில் தெரிந்தவர் யாரேனும் அதைப் பார்த்துப் பெயர் சொல்ல வழியிருக்கும்.

அந்தக் கருவாட்டுக் கடைக்காரர் நேற்றும் கடையைத் திறந்திருந்தார். தட்டுகளை வலையால் மூடி வைத்திருக்கிறார். குழுவில் போடப்பட்ட படம் இன்னும் நீக்கப்படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.