பூட்டின மேப்பும் உருகின பிஸ்டனும்: டியூனிங் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் ஈ.சி.யூ. (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் கணக்குப் போட்டுக் கொடுக்கற கம்ப்யூட்டர்) டியூனிங் கடை வெச்சிருக்கற தம்பிகளுக்கு, கணபதியில் எஞ்சின் போரிங் பட்டறை நடத்துறவன் எழுதறது.

வணக்கமுங்க. நீங்க டியூன் பண்ணின வண்டி நல்லா ஓடினா நான் அதைப் பார்க்கவே போறதில்லை. கெட்டாத்தான் அந்த பிளாக் என் பெஞ்சுக்கு வரும். அதனால உங்க தொழிலில் எனக்குத் தெரிஞ்சது ஒரு பக்கம் மட்டும்தான். அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாசம் பழைய மாருதி எஸ்டீம் எஞ்சின் ஒண்ணு வந்தது. 1.3 லிட்டர், பிஸ்டன் ஓடற துளை, அதாவது போர், 74 மி.மீ. சொந்தக்காரர் பல்லடத்தில் தறி ஓட்டறவர். ஆசை ஆசையா பைக்கோட நாலு த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குக் காத்தைத் திறந்து விடற வால்வு) மாட்டி, வெளியே வாங்கின ஈ.சி.யூ. வெச்சு ஓட்டியிருக்கார். ஹெட்டைக் கழட்டினா மூணாவது பிஸ்டன், எக்ஸாஸ்ட் பக்கத்து ஓரம், மழையில் நனைஞ்ச அச்சுவெல்லம் மாதிரி இருந்தது. ரிங் உட்காரும் மேல் பள்ளம் உடைஞ்சு, துணுக்கு போரில் கோடு போட்டிருந்தது. பிளக்கைப் பார்த்தேன். நல்ல கலவையில் ஓடின பிளக்கு குச்சிக்கிழங்குத் தோல் நிறத்தில் இருக்கும்னு எங்க காலத்தில் சொல்லுவோம். இது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பீங்கான் மேல பொடிப்பொடியா அலுமினியம் ஒட்டியிருந்தது. அந்த அலுமினியம் பிஸ்டனில் இருந்து வந்தது.

எப்படி ஆச்சுன்னு கேட்டா, கதை குன்னூரில் ஆரம்பிக்குது. அவர் மாமனார் வீடு அங்கே. டியூனர் தம்பி சனி ஞாயிறு அங்கேயே தங்கி, மலை ரோட்டிலேயே ஓட்டி மேப், அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் விடணும்ங்கற அட்டவணை, எழுதியிருக்கார். நாலு த்ராட்டில் பாடி வெச்சா மேனிஃபோல்டில் (காத்து எஞ்சினுக்குள்ள போற குழாயில்) வேக்குவம் நிலையா நிக்காது. அதனால காத்தழுத்தத்தைப் பார்க்காம, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு, ஆர்.பி.எம். எவ்வளவு, இந்த ரெண்டை மட்டும் வெச்சு பெட்ரோல் அளவைக் குறிச்சிருக்கார். அந்த முறையில் தப்பில்லை. ஆனா குன்னூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,850 மீட்டர், நம்ம கோவை சுமார் 410. மேலே காத்து மெலிசு. அங்கே ஃபுல் த்ராட்டிலுக்குப் போதுமா இருந்த பெட்ரோல், கீழே இறங்கினதும் பத்தாது. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் பாரோ கரெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. அது அணைஞ்சு கிடந்திருக்கு.

இறங்கி வந்ததும் வண்டி லேசா திக்கியிருக்கு. அவர் சும்மா இருக்கலை, வேற ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கார். அந்தத் தம்பி லேப்டாப்பை மாட்டிப் பார்த்துட்டு, "பாஸ்வேர்டு போட்டிருக்குங்க, உள்ளே பார்க்க முடியாது. மொத்தமா அழிச்சிட்டு முதல்ல இருந்து எழுதணும்"னு சொல்லி ஒரு தொகை கேட்டிருக்கார். முதல் டியூனரோ கடையைக் காலி பண்ணிட்டு துபாய் போயாச்சு, போனும் எடுக்கறதில்லை. அப்புறம் பார்த்துக்கலாம்னு இவர் சேலம் ரோட்டில் அழுத்தியிருக்கார். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி, பெருந்துறை வர்றதுக்குள்ள முடிஞ்சது.

பாரோ கரெக்சனை ஆன் பண்ற ஒரு டிக் மார்க்குங்க. உள்ளே பார்க்க முடிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

கார்புரேட்டர் காலத்தில் கலவை பூட்டுக்குள்ள இருந்ததில்லை. பெட்ரோல் போற ஓட்டை உள்ள மெயின் ஜெட்டைக் கழட்டினா பித்தளையில் நம்பர் அடிச்சிருக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் படிச்சு, ஒரு சைஸ் ஏத்தலாம், இறக்கலாம். நாங்க ஒண்ணும் உத்தமர்கள் இல்லை. அடுத்த சைஸ் ஜெட் கிடைக்காதப்போ ஊசி ட்ரில்லை விட்டு ஓட்டையைப் பெரிசாக்கி, பழைய நம்பரோடவே திரும்ப மாட்டினவன் நான். அந்த வண்டியை அடுத்துப் பார்த்தவர் என்னைத் திட்டின திட்டு இன்னும் ஞாபகம் இருக்கு, அவர் திட்டினதில் நியாயமும் இருந்தது. நம்பரைப் பொய்யாக்கினது நான். நீங்க நம்பரையே மறைக்கறீங்க.

கலவைன்னா என்னன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டிக்காரங்களும் இதைப் படிப்பாங்கன்னு ரெண்டு வரி. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். ஆனா ஃபுல் த்ராட்டிலில் 12.5, 13 கிட்ட வெச்சு, கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் விடுவோம். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகி உள்ளே சூட்டைத் தணிக்குது. அது இல்லாம, தீப்பொறி டைமிங்கும் முன்னாடி தள்ளி இருந்தா நாக்கிங் (கலவை தானா வெடிச்சு எஞ்சினைத் தட்டறது), அப்புறம் என் பெஞ்சு.

இதில் இப்போ பெட்ரோலே மாறிப்போச்சு. 20 சதவீதம் எத்தனால் கலந்ததுக்கு 14.7 இல்லை, ஏறக்குறைய 13.5. பத்து சதவீதம் கலந்த காலத்தில் எழுதின மேப்பை அப்படியே விட்டா, இன்னைக்கு 4 சதவீதம் போல லீனா, அதாவது பெட்ரோல் கம்மியாத்தான் ஓடும். அது மட்டுமே எஞ்சினைக் கொன்னுடாது, எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கற குணமும் உண்டு. ஆனா ஏற்கெனவே விளிம்பில் நிக்கிற மேப்புக்கு அந்த 4 சதவீதம் போதும். கம்பெனி வண்டி சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கும். நீங்க ஓப்பன் லூப்பில் (சென்சாரைப் பார்க்காம) எழுதின இடங்களை யார் திருத்தறது? பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவர் துபாயில் இருக்கார்.

கலவையை நம்பரா அளந்து சொல்ற வைட்பேண்ட் சென்சாரையும் பாதிப் பேர் டியூன் முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டுப் போயிடறீங்க. அதோட விலை எனக்கும் தெரியும். ஆனா வண்டியில் மிச்சம் இருக்கற சாதா சென்சார் 0.45 வோல்ட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னுதான் சொல்லும். எவ்வளவு லீன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. வண்டிக்காரர்கிட்டயே காசு வாங்கி ஒண்ணை நிரந்தரமா மாட்டி விடுங்க. மாட்டறப்போ அதுக்கு முன்னாடி சைலன்சர் குழாயில் கசிவு இருக்கான்னு பாருங்க. கசிவு வழியா காத்து உள்ளே இழுத்தா லீன்னு பொய் காட்டும், அதை நம்பி பெட்ரோலை ஏத்தினா கேட்டலிட்டிக் கன்வெர்டர் போகும்.

நீங்க என்ன பதில் சொல்லுவீங்கன்னு தெரியும். "அண்ணா, ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதின மேப். தொறந்து கொடுத்தா பக்கத்துக் கடைக்காரன் காப்பி அடிச்சுக்குவான்." அடிக்கட்டுமே. இந்த எஸ்டீமோட மேப்பை இன்னொரு எஸ்டீமில் ஏத்தினா, இன்ஜெக்டர் வேற, கேம் வேற, கம்ப்ரஷன் வேற. காப்பி அடிச்சவன் வண்டியும் என் பட்டறைக்குத்தான் வரும். உங்களில் பல பேர் தொழில் பழகினது எதில்? ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடற ஸ்பீடுயினோ ஈ.சி.யூ.வில். சர்க்யூட்டும் புரோகிராமும் ஊருக்கே திறந்து கிடக்குது, அதை எழுதினவர் யார்கிட்டயும் பாஸ்வேர்டு கேட்கலை.

நான் போர் முடிச்சு அனுப்பற ஒவ்வொரு பிளாக்கோடயும் ஒரு சீட்டு போகும். 'போர் 74.50, ஓவர்சைஸ் 0.50, பிஸ்டன் கிளியரன்ஸ் 0.03'னு கையால எழுதி, தேதி போட்டிருப்பேன். அடுத்த தடவை வேற பட்டறைக்குப் போனாலும் அவர் அளந்து திண்டாட வேண்டியதில்லை. அந்தச் சீட்டால எனக்கு ஒரு வேலையும் கைவிட்டுப் போனதில்லை. உங்க சீட்டு இதுதான்: மேப் ஃபைல், கடைசி ரன்னோட லாக் (ஓட்டினப்போ எடுத்த பதிவு), பாஸ்வேர்டு, எந்த ஊரில் என்ன பெட்ரோலில் டியூன் பண்ணினதுன்னு ஒரு வரி.

போற போக்கில் இன்னொண்ணு. நம்ம வேலையில் முக்கால்வாசி ரோட்டுக்குச் செல்லாதது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அனுமதியில்லாம மாத்தறதைத் தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயிலுக்கும் இடமிருக்கு. கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா கார் கட்டின ஊர் இது, செட்டிபாளையத்தில் அவர் பேரிலேயே டிராக் இருக்கு. அழுத்தணும்னா அங்கே அழுத்தச் சொல்லுங்க. பல்லடத்துக்காரர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். சரிங்கன்னார். முகத்தைப் பார்த்தா நம்பிக்கை வரலை.

அவர் பிளாக் போர் முடிஞ்சு, ஹோனிங் முடிஞ்சு, எண்ணெய் தடவி பாலிதீன் கவர் போட்டு இருக்கு. திங்கக்கிழமை அசெம்பிளி. டியூனுக்கு உங்களில் ஒருத்தர்கிட்டதான் அனுப்பணும். யார்கிட்டன்னு அவர் என்னைக் கேட்டிருக்கார். என் போர் சீட்டோட பாஸ்வேர்டு எழுதின சீட்டையும் பின் அடிச்சுக் கொடுக்கறவங்க போன் பண்ணுங்க. காலையில் ஒன்பது மணிக்கு மேல பட்டறையில்தான் இருப்பேன்.