சிம்பாப்வேயை விட்டுவிட்டு நீ எடுத்த துண்டு

பிள்ளை,

2009இல் ஊரில் போர் முடிந்தபோது செத்தவர்களுக்காக நாங்கள் வைக்கும், வருகிற மே 18 நினைவுக் கூட்டத்தில் நான் கதைக்கப்போகிறேன். நேற்றுத்தான் கூட்டத்தை நடத்தும் குழுவுக்குச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். தொண்டை சரியில்லை, வேலை இருக்கு என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை ஓம் என்றுவிட்டேன். என்ன கதைப்பாய் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள். நான் மேடையில் ஏறியபிறகு யாரும் திகைக்க வேண்டாம்.

எந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று உனக்கு இப்போதே விளங்கியிருக்கும்.

மற்றவர்களுக்காக ஒரு பந்தி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் எக்ஸ்டெம்ப் என்று ஒரு பேச்சுப் போட்டி நடக்கிறது. உறையிலிருந்து மூன்று கேள்வித் துண்டுகளை எடுக்க வேண்டும், அதில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் நடப்பு அரசியல். தயாரிக்க 30 நிமிடம், பேச 7 நிமிடம். கையில் தாள் இருக்கக்கூடாது. கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லி, காரணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம் நடத்தும் தேசியச் சங்கம் 1925இல் விஸ்கான்சினில் தொடங்கியது. ஊரில் எங்கள் பேச்சுப் போட்டிக்கு வாத்தியார் எழுதித் தருவார், நாங்கள் பாடமாக்கி ஒப்புவிப்போம். அப்படி வளர்ந்த எனக்கு, பதினாறு வயதுப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் ஐஸ்லாந்தின் வங்கிகள் ஏன் விழுந்தன என்று விளக்குவதைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு இன்றும் போகவில்லை.

நான் செய்தது கத்தரிக்கோல் வேலை மட்டும்தான். இரவு வேலை முடிந்து வந்து, குளிக்கமுதல், உன் அம்மா எடுத்துவைத்திருக்கும் பேப்பர்களை விரிப்பேன். நியூயோர்க் டைம்ஸ், எக்கொனொமிஸ்ட், கிறிஸ்டியன் சயன்ஸ் மொனிட்டர். வெட்டி, மூலையில் திகதி எழுதி, நாட்டின் பெயர் போட்ட பைலில் வைப்பேன். மொனிட்டர் 2009 மார்ச் மாதத்தோடு நாள்தாளை அச்சடிப்பதை நிறுத்தியபோது நீ எவ்வளவு கவலைப்பட்டாய். ஆபிரிக்கா பைல் அதை நம்பித்தான் இருந்தது. அந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளையும் காரில் ஏற்றும்போது என் இடுப்பு படும் பாடு எனக்குத்தான் தெரியும், ஆனால் ஒரு நாளும் அலுத்ததில்லை. இலங்கை பைலை மட்டும் நான் தொடவில்லை. அதை நீயே வைத்திருந்தாய். அதில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததும் இல்லை.

2009 பெப்ரவரி. வன்னியில் சண்டைக்குள் அகப்பட்ட புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏற்றத் தொடங்கியிருந்த நேரம். வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனாலும் போட்டி போட்டிதான் என்று உன் அம்மா உன் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுத் தந்தா. கொலம்பஸ் பக்கத்துப் பள்ளி ஒன்று. பெயர் வேண்டாம். விடியற்காலை ஐ-71இல் ஒரே பனி.

அந்த நடைபாதை எனக்கு இப்போதும் அப்படியே தெரிகிறது. கோட்டும் சூட்டும் போட்ட பிள்ளைகள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்று, கையை ஆட்டி, சத்தம் வராமல் வாயசைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீ. உன் முகம் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில். நான் தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துவிட்டு விலகிப் போனேன். நீ திரும்பவில்லை. அந்தச் சுற்றில் எனக்கு நடுவர் வேலை போடவில்லை, அதனால் உன் அறைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், தெரியும்.

சிம்பாப்வே வரும் என்றுதான் எண்ணியிருந்தோம். அந்த ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட நூறு டிரில்லியன் டொலர் நோட்டை வைத்து எப்படித் தொடங்குவது என்று இரண்டு கிழமையாய்ச் சமையலறையில் பயிற்சி எடுத்தாய். அது வந்தும் இருந்தது. உன் மூன்று துண்டுகளில் ஒன்று சிம்பாப்வே என்று உன் பயிற்சியாளர்தான் பிறகு சொன்னார். நீ அதை விட்டுவிட்டாய்.

அறைக்கு வந்து, நடுவரிடம் துண்டைக் கொடுத்துவிட்டு, நடுவில் நின்று மூச்சு எடுத்தாய். கொழும்பில் சண்டே லீடர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லசந்த விக்கிரமதுங்கவிலிருந்து தொடங்கினாய். ஜனவரி 8 அவர் சுடப்பட்டது, தன் சாவைப் பற்றி அவர் முன்கூட்டியே எழுதிவைத்த தலையங்கம் மூன்றாம் நாள் அச்சில் வந்தது. அந்த அறையில் இருந்த வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. பிறகு கேள்வியைச் சொன்னாய்: இலங்கை அரசின் இராணுவ வெற்றி நிலையான அமைதியைத் தருமா? பதில்: தராது. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர 1987இல் எழுதிய பதின்மூன்றாம் திருத்தமே முழுதாக நடைமுறைக்கு வராதபோது, போர் முடிந்தபின் யார் எதைத் தருவார் என்று கேட்டாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் மருமகள் என்று அந்த அறைக்கே கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பிறகு இடது பக்கம் இரண்டு அடி நடந்தாய். இரண்டாவது காரணம், பொதுமக்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் டிசம்பரில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது என்றாய். அரசு தப்பி வந்தவர்களை முகாமில் அடைப்பதையும் நிவாரணத்தை மறிப்பதையும் பற்றி ஒன்று. இயக்கம், அதாவது புலிகள், சனத்தை வெளியே விடாமல் வைத்திருப்பதையும் பிள்ளைகளைப் பிடித்துச் சேர்ப்பதையும் பற்றி மற்றது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னாய். இன்னும் மூன்று நிமிடம் என்று நடுவர் மேசையிலிருந்து மூன்று விரல் காட்டினா. நீ தலையை அசைத்துவிட்டுத் தொடர்ந்தாய்.

அதற்கு முந்தின கிழமைதான் வவுனியாவுக்கு வந்து சேர்ந்த ஒருவர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். தம்பி வீட்டுக்கு நடந்ததை நான் உன் அம்மாவுக்குக் காரில் வைத்துச் சொன்னேன். நீ பின்சீற்றில் காதில் வயரை மாட்டிக்கொண்டு நித்திரை என்று நினைத்தேன். அந்த அறையில், அந்த வசனத்தில், நீ நித்திரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் எழும்பி வெளியே போனேன். பேச்சு நடக்கும்போது கதவைத் திறப்பது எவ்வளவு மரியாதைக்கேடு என்று நடுவர் பயிற்சியில் எனக்கே சொல்லித் தந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நீ உறையைப் பிரித்து மதிப்பெண் தாளைப் பார்த்தாய். அறையில் முதலிடம். "மிகவும் சமநிலையான பேச்சு, உணர்ச்சிவசப்படாமல் கையாண்டாய்" என்று எழுதியிருந்தது. நீ அதை வாசித்துக் காட்டினாய். வாழ்த்து எதிர்பார்த்துத்தான் வாசித்தாய் என்று அப்போது நினைத்தேன். மன்னித்துக்கொள் என்று எழுத வருகிறது, எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஆனால் அன்று நான் வாய் திறந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வார்த்தைகளைவிட அந்த மௌனம் நல்லது என்று இன்றும் நம்புகிறேன். அந்த மாதம் எங்கள் ஆக்கள் யாருமே இரண்டு பக்கத்தையும் ஒரு வாயால் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு பக்கம் குண்டு விழுகிறது, அதை நிறுத்தச் சொல்லி உலகத்தைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் மற்றதைச் சொன்னால் குண்டுக்குச் சாட்டாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் பொய் இல்லை, பிள்ளை. ரொறொன்ரோவில் மே மாதம் காடினர் நெடுஞ்சாலையை மறித்து எங்கள் சனம் இருந்தபோது நானும் போனேன். அங்கே எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும்.

உன்னில் கோபமும் இருக்கிறது. இவ்வளவு காலம் ஆறவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். அதை ஏழு நிமிடத்துக்குள் வைத்தாயே. லசந்த தொடக்கத்துக்கு, தம்பி வீட்டுத் துயரம் இரண்டாவது காரணத்துக்கு, பிறகு வலது பக்கம் இரண்டு அடி நடந்து மூன்றாவது காரணம். முடிவில் அந்த நடுவர் மனுசிக்கு ஒரு புன்னகை. நூறு டிரில்லியன் நோட்டுக்கு வைத்திருந்த அதே புன்னகை. அந்தப் பழக்கம் உனக்கு விட்டுப்போகவும் இல்லை. அம்மம்மாவின் செத்தவீட்டில் கூட வந்தவர்களுக்கு முன்னால் நீ அழகாக, அளவாகக் கதைத்தாய், எல்லோரும் மெச்சினார்கள், எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கிற பிள்ளையாக உன்னை ஆக்கினதில் என் கத்தரிக்கோலுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் உன்னை மட்டும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பேச்சை இந்த வருடங்களில் எத்தனையோ இரவு மனதுக்குள் திரும்பக் கேட்டிருக்கிறேன். நீ எங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "என் உறவினர்" என்று தொடங்கியிருந்தால் அந்த அறையே அழுதிருக்கும், முதலிடம் இன்னும் சுலபமாய்க் கிடைத்திருக்கும். நீ அதைத் தொடவில்லை. காரில் ஒளித்துக் கேட்டதை ஒளித்தே வைத்தாய். அச்சில் வந்ததை மட்டும், திகதியோடு சொன்னாய். பதினாறு வயதில் அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது உனக்கு? பெரிய ஆக்கள் நாங்கள் வானொலியில் ஒன்றும் வீட்டுக்குள் ஒன்றுமாய்க் கதைத்த மாதத்தில், எல்லா இடத்திலும் ஒரே விஷயத்தைச் சொன்ன ஒரே ஆள் நீதான்.

2011 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. பொதுமக்களில் பெரும்பாலானோர் அரச ஷெல் வீச்சில்தான் செத்தார்கள் என்றது. நாற்பதாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்றது. இயக்கம் சனத்தைப் போகவிடாமல் வைத்திருந்தது, பிள்ளைகளைப் பிடித்தது என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. எங்கள் கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் வாசிப்போம். நானே வாசித்திருக்கிறேன். தட்டச்சு அடித்துத் தந்ததும் நான்தான்.

தம்பியும் மனைவியும் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களின் மகன் வரவில்லை. பெயர் எழுதவில்லை, ஊரில் இன்னும் ஆக்கள் இருக்கினம். அவனை முதலில் கொண்டுபோனது யார், கடைசியாக யாருடைய கையில் பார்த்தார்கள் என்பது இரண்டு வேறு பதில்கள், அவன் தாய்க்கு இரண்டும் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல்போனவர்களின் தாய்மார் பதில் கேட்டுத் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கியபோது அவவும் போய் இருந்தா. படத்தை மடியில் வைத்திருப்பா. போன கோடையில் நான் போனபோது, அந்தப் படத்தை என் கையில் தந்து ஒன்றுதான் கேட்டா: "அங்க நீங்கள் கூட்டம் வைக்கிறனீங்கள், என்ர பிள்ளையைப் பிடிச்சதைச் சொல்லுறனீங்களோ?"

அதைத்தான் மே 18 சொல்லப்போகிறேன். ஷெல்லையும் சொல்வேன், சனம் இராணுவத்திடம் சரணடைந்த வட்டுவாகலையும் சொல்வேன், பதின்மூன்றாம் திருத்தத்தையும் சொல்வேன், அவனை வீட்டிலிருந்து கொண்டுபோன இரவையும் சொல்வேன். தாயின் சம்மதத்தோடு. யாரும் எழும்பி வெளியே போனால் போகட்டும், எனக்கு அது புதிதில்லை. மைக்கை நிறுத்த நினைக்கிறவர்கள் இப்போதே எனக்குச் சொல்லிவிட்டால் நல்லது. நான் மண்டப வாசலில் நின்று கதைப்பேன்.

நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. உனக்கு வேலை, சின்னவன், அவ்வளவு தூரம். அதோடு, அங்கே உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் நான் எழுதிவைத்திருப்பதை அனுப்புகிறேன், பார்த்துச் சொல். நிறைய நீளம். எங்கே வெட்டலாம் என்று உனக்குத்தான் தெரியும். அவனைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதே.

ஒன்று நான் இதுவரை கேட்கவில்லை. சிம்பாப்வே கையில் இருந்தது, பைல் நிறைந்திருந்தது, தொடக்கம் பாடமாக இருந்தது. ஏன் மற்றத் துண்டை எடுத்தாய்? காரில் நான் சொன்னதைக் கேட்டதாலா, அல்லது அந்த இலங்கை பைலை நீ முதலிலிருந்தே அந்தக் கேள்விக்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தாயா? பதிலை இங்கே கீழே எழுதாதே, எல்லோரும் பார்ப்பார்கள். ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், எடு. எவ்வளவு நேரம் என்றாலும் கதைக்கலாம்.

மாமா