மரத்தடி வகுப்பு பற்றி, பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு வாரம் 2 பாடவேளை மைதானத்திலும் புங்கமரத்தடியிலும் நடக்கிறது. "பீரியடை ஓட்டுகிறார்கள்" என்ற பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

ஏழாம் வகுப்புக் கணக்கில் பரப்பளவுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். புளியரை, செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குச் 'சென்ட்' என்ற சொல் பழக்கம்தான். அது எவ்வளவு இடம் என்று கேட்டால் முழிப்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சதுரமாகப் போட்டால் பக்கம் 20 அடி பத்தரை அங்குலம். குழுவுக்கு ஆறு பேர், நாலு முளை, ஒரு டேப், கொஞ்சம் கயிறு. கயிறு இழுத்தால் நீளும் என்பதால் அது கோடு காட்ட மட்டும், அளவுக்கு டேப்தான். முதல் தடவை பெரும்பாலும் தப்பும். நாலு பக்கமும் சரியாக இருக்கும், ஆனால் கட்டம் சாய்ந்து பரப்பு குறைந்திருக்கும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இல்லை என்று அளந்து பார்த்த பிறகுதான், கொத்தனார் மூலை பிடிக்க 3, 4, 5 அடி ஏன் அளக்கிறார் என்பது பிடிபடும். கடைசி 10 நிமிடம் வகுப்பறைக்குத் திரும்பி நோட்டில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் வெளியே போனது வெறும் உலாத்தல்தான்.

கண்ணுக்கும் இது நல்லது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையில் அது சில நூறு லக்ஸ். பகலில் மரநிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. எங்கள் 2 பாடவேளை அந்த அளவுக்குக் காணாது. சாயங்காலம் டியூஷனுக்கு முன்னால் அரைமணி நேரமாவது வெளியே விளையாட விடுங்கள். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதனால் பவர் குறையாது.

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஆறு பேருக்கு நடுவில் பேசும். முதல் மூன்று வாரம் கூச்சல்தான், அதை மறைக்கவில்லை. கணவாய்க் காற்றில் குரல் எடுபடாது என்பதால் அரைவட்டமாக இரண்டே வரிசை. வெயில் பிள்ளைகளின் முதுகுக்கு, ஆசிரியர் முகத்துக்கு. தென்னைக்கு அடியில் ஒருபோதும் உட்கார வைப்பதில்லை. இடி கேட்டால் உடனே உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே விடமாட்டோம்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, எழுத ஒரு அட்டை கொடுத்தனுப்புங்கள். சட்டையில் சேறு படும், திட்டாதீர்கள். இழுப்பு இருந்தாலோ, தேனீ கொட்டினால் உடம்பு வீங்கும் என்றாலோ வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 30ஐ ஒட்டி நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே விழாது. அது 12 மணிக்கு அல்ல, 12.22 வாக்கில், இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை நமக்குக் கிழக்கே இருப்பதால் இந்தத் தாமதம். பார்க்க விரும்பும் பெற்றோர் 12 மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடலாம். சாரல் மூடிவிட்டால் மறுநாள் பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்