பரணில் இருந்த ஆமை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று நீ கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது மறந்துபோகிறது.

போன மாதம் வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள் என்று பரணைக் காலி செய்தோம். பெரிய பித்தளை அண்டாவுக்குள் உன் புத்தகங்கள். எலி கடிக்கக் கூடாது என்று அம்மா போட்டு மூடிவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேதியியல் கைடு. பிரித்தால் அட்டைதான் கைடு. உள்ளே ஆமை முதுகில் யானைகள் நிற்கும் படம் போட்ட இங்கிலீஷ் கதைப் புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பில் உன் கையிலிருந்து நான் பிடுங்கி, "பரீட்சை நேரத்துல காமெடி புக்கா?" என்று கத்தினேனே, அதே புத்தகம். கிழிந்த இடத்தில் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது. அப்படியென்றால் பீரோவுக்கு மேலிருந்து அதை எடுத்து, ஒட்டி, கைடு அட்டைக்குள் வைத்து என் கண் முன்னாலேயே படித்திருக்கிறாய். நானும் பிள்ளை கெமிஸ்ட்ரி படிக்கிறது என்று டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று உட்கார்ந்தேன். முதல் முப்பது பக்கம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டிக்‌ஷனரியும் பெரிதாக உதவவில்லை. பிறகுதான் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை விடக் கூடாது என்று தெரிந்தது. நம் புத்தகங்களில் அடிக்குறிப்பு என்றால் தாண்டிப் போவோம். இந்த மனிதர் பாதிச் சிரிப்பை அங்கேதான் பதுக்கி வைத்திருக்கிறார். இப்போது ஆறாவது புத்தகத்தில் இருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதிய டெர்ரி பிராட்செட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், புதிதாகப் படித்தவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. 1983-இல் ஆரம்பித்து 2015-இல் சாகிறவரை 41 டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள். தட்டு மாதிரி ஒரு உலகம். அதைத் தாங்க நான்கு யானைகள். யானைகளைத் தாங்க விண்வெளியில் நீந்தும் ஓர் ஆமை. உன் அப்பாயி இருந்திருந்தால், "இதுல என்னடா புதுசு?" என்று கேட்டிருப்பார். எட்டுத் திக்கிலும் யானை, அடியில் ஆதிசேஷன், பாம்பு தலையை மாற்றிவைத்தால் பூகம்பம் என்று அவர் சொல்லித்தானே நாங்கள் வளர்ந்தோம். பிராட்செட்டும் ஆமையைப் பழைய புராணங்களிலிருந்துதான் எடுத்தார். ஆனால் அப்பாயி கேட்காத ஒரு கேள்வி அவருடைய ஆட்களுக்கு வருகிறது: அந்த ஆமை ஆணா, பெண்ணா? அதைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் கூடி, உலகத்தின் விளிம்பிலிருந்து ஆளை இறக்கிப் பார்க்கக் கலம் ஒன்று செய்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? உலகம்தான் கிறுக்கு, கணக்கு வழக்கு எல்லாம் சுத்தம். அந்த ஊரில் திருடர்களுக்குச் சங்கம் உண்டு. இவ்வளவுதான் திருடலாம் என்று ஒதுக்கீடு உண்டு. பறிகொடுத்தவருக்கு ரசீதும் கொடுப்பார்கள். லைசென்ஸ் இல்லாமல் திருடினால் சங்கமே பார்த்துக்கொள்ளும். இப்படி எழுத ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டுமே என்று தேடினால், ஆள் என்னை மாதிரியே கரண்ட் ஆபீஸ்காரர்! 1980-இலிருந்து இங்கிலாந்தில் மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அமெரிக்காவில் த்ரீ மைல் தீவு அணு உலை விபத்து நடந்த மறு வருஷம், அணுமின் நிலையங்களைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிருபர்களுக்கு இவர் பதில் சொல்ல வேண்டும். அந்த அனுபவத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பாராம். 1987-இல்தான் வேலையை விட்டார். ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரியில் எழுதியிருக்கிறார். நானோ ராத்திரியில் ஃப்யூஸ் போன புகார்தான் எழுதினேன்.

எமன் வருகிற இடங்களை இரண்டு தடவை படித்தேன். பூனை பிடிக்கும், காரமான கறி பிடிக்கும் என்று ஓர் எமன். வேலையில் கறார், மனசில் குழப்பம். அவர் பேசுவது மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது, மேற்கோள் குறிகூட இல்லாமல். தமிழில் பெரிய எழுத்தே கிடையாதே, மொழிபெயர்க்கிறவர் என்ன செய்வார் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் தீர்வு இது: மற்ற எல்லோரும் "வாங்க, போங்க" என்று பேசட்டும், எமன் மட்டும் செந்தமிழில் பேசட்டும். "நேரம் ஆகிவிட்டது, புறப்படுவோமா?" பழைய வானொலிச் செய்தி மாதிரி. நீ என்ன சொல்கிறாய்?

'மென் அட் ஆர்ம்ஸ்' படிக்கும்போதுதான் கொஞ்சம் உறைத்தது. 1993-இல் வந்தது. வைம்ஸ் என்ற காவல்படைத் தலைவருக்கு மாதம் 38 டாலர் சம்பளம். நல்ல பூட்ஸ் 50 டாலர், வருஷக்கணக்கில் உழைக்கும். அவரால் முடிந்தது 10 டாலர் பூட்ஸ்தான், அட்டை வைத்தது, ஒரு மழைக்காலம் இரண்டு மழைக்காலம் வரும். பத்து வருஷத்தில் பணக்காரன் 50 டாலரோடு முடித்துக்கொள்வான், இவர் 100 டாலர் செலவழித்தும் கால் நனைந்தே இருக்கும். ஒவ்வொரு ஜூனிலும் பஜாரில் உனக்கு வாங்கிய கறுப்பு ஷூ ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்குள் வாய் பிளக்கும். பசை போட்டு, செங்கல்லை மேலே வைத்து அழுத்தி, காலையில் மாட்டிவிடுவேன். நல்ல ஷூவை நான் பார்க்காமல் இல்லை, அந்தக் கடைக்கு உன்னைக் கூட்டிப்போகவில்லை, அவ்வளவுதான்.

இனி, கடிதம் எழுத உட்கார்ந்த காரணம். 'கோயிங் போஸ்டல்', 2004-இல் எழுதியது. மோசடிப் பேர்வழி ஒருவனைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கி, பாழடைந்த தபால் நிலையத்துக்கு அதிகாரியாகப் போடுகிறார்கள். அது ஒரு பக்கம் சிரிப்பு. இன்னொரு பக்கம் கிளாக்ஸ். மலைக்கு மலை கோபுரம் கட்டி, உச்சியில் ஷட்டர் வைத்து, மூடித் திறந்து கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குச் செய்தி அனுப்புகிற லைன். லைனைக் கட்டியவர்களிடமிருந்து பணக்காரக் கும்பல் ஒன்று அதைத் தந்திரமாகப் பறித்துக்கொள்கிறது. முதல் வேலையாகப் பராமரிப்பு நேரத்தில் கை வைக்கிறார்கள். லைனை நிறுத்தினால் காசு போகிறதாம். பழுதுபட்ட கோபுரத்தில் ஓடுகிற லைனிலேயே வேலை பார்த்து ஆட்கள் விழுந்து சாகிறார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று பேப்பரில் போட்ட அன்று எங்களைத் திட்டாதவர்கள் யார்? இந்த மனிதருக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கிறது, பாப்பா.

செத்தவர்களின் பெயரை அந்தக் கோபுரத்து ஆட்கள் லைனிலேயே அனுப்புகிறார்கள். முன்னால் மூன்று எழுத்துக் குறி, ஜி.என்.யூ. ஜி என்றால் அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு. என் என்றால் பதிவேட்டில் ஏற்றாதே. யூ என்றால் லைன் முடிகிற இடத்தில் திருப்பி அனுப்பு. பெயர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும், நிற்காது.

உனக்கு நம்ம வயர்மேன் மாமாவை நினைவிருக்கும். தீபாவளிக்கு உனக்கு மட்டும் தனியாகச் சாட்டை வாங்கி வருவாரே, அவர்தான். உன்னிடம் ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னோம். ஒரு மழை ராத்திரி. டிரான்ஸ்ஃபார்மர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, அறுந்த கம்பியைக் கட்ட அவர் போஸ்டில் ஏறினார். இரண்டு தெரு தள்ளி யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது மெயினை நிறுத்தாமல் போட்டது, கரண்ட் திரும்பி லைனுக்குள் வந்துவிட்டது. கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டியிருந்தால் தப்பியிருப்பார். அது ஜீப்பில் இருந்தது. ஜீப் தெருமுனையில் சேற்றில் நின்றது. "அப்புறம் பாத்துக்கலாம், ஏறுப்பா, ஜனங்க கத்துறாங்க" என்று சொன்னது நான். விசாரணையில் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன், எழுதிக்கொண்டார்கள், முடிந்தது. மறுநாள் டியூட்டி சார்ட்டில் அவர் பெயர் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பில் கோடு போட்டேன். அந்தக் கோடு எவ்வளவு நேராக இருந்தது என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பிராட்செட் இறந்த 2015-இல், அவர் வாசகர்கள் இணையத்தளங்களில் அவர் பெயரை அதே மூன்று எழுத்தோடு சேர்த்தார்களாம். பக்கத்தில் தெரியாது, பின்னால் ஓடுகிற தலைப்பு வரியில் சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கும் என்று எதிர்வீட்டுப் பையன் காட்டினான். நீயும் சர்வர் வேலைதானே பார்க்கிறாய். ஆபீஸ் சர்வரில் வேண்டாம், வம்பு. உனக்கென்று சொந்தமாக ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதில் போட முடியுமா?

பெயரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் எப்படி எழுதுவார் என்று அவர் மகனிடம் போய்க் கேட்டேன். இப்போது அவனும் அதே வேலைதான். எதற்கென்று கேட்கவில்லை. சம்பளப் பட்டியலில் இருந்தது மாதிரியே எழுதுங்க சார், இனிஷியல் முன்னால் வரணும், அப்பா பின்னால் போட்டால் ஒத்துக்க மாட்டாரு என்றான்.

அப்பா