2-2 என்பது சமநிலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால ஒலிம்பிக் வரும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ஸ்கேட்டிங், லூஜ் (சறுக்குவண்டி), ஸ்கீ எல்லாமே ‘பனிச்சறுக்கு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதில் அதிகம் பாதிக்கப்படுவது ஆல்பைன் ஸ்கீயின் கலப்பு அணிப் போட்டி. இரு கால்களிலும் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு, மலைச்சரிவில் நட்ட கம்பங்களைச் சுற்றி இறங்குவதுதான் ஆல்பைன் ஸ்கீ. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் 2-2 என்று நின்றன. தங்கம் ஆஸ்திரியாவுக்குப் போனது. வெண்கலத்துக்கான மோதலிலும் அதே 2-2தான். அமெரிக்காவை நார்வே வென்றது. புள்ளியை மட்டும் அச்சிட்டால், சமமாக முடிந்ததில் ஒருவருக்கு மட்டும் எப்படிப் பதக்கம் என்று வாசகர் குழம்பத்தானே செய்வார்?

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எந்த வண்டி எல்லையை முதலில் தொட்டது என்பதே கணக்கு. எத்தனை நிமிடத்தில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கலப்பு அணிப் போட்டியும் பாதி வரை அப்படித்தான். 16 நாடுகள், தோற்றால் வெளியே. மோதும் ஒவ்வோர் அணியிலும் 2 பெண்கள், 2 ஆண்கள். சரிவில் சிவப்பு, நீலம் என்று அருகருகே இரண்டு தடங்கள். பெண், ஆண், பெண், ஆண் என்று நான்கு ஓட்டங்கள். முதலில் வந்தவரின் அணிக்கு 1 புள்ளி. ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் இருவருக்குமே 1 புள்ளி. கம்பத்தைத் தவறவிட்டால் ஓட்டம் அதோடு போயிற்று.

புள்ளி சமமாக நின்றால்தான் கடிகாரம் பேசத் தொடங்கும். ஒவ்வோர் அணியிலும் வேகமான பெண்ணின் நேரத்தையும் வேகமான ஆணின் நேரத்தையும் கூட்டுவார்கள். குறைவாக உள்ள அணி வெல்லும். உதாரணமாக, ஓர் அணியில் 24.40 விநாடியும் 23.05 விநாடியும் சிறந்த நேரங்கள் என்றால் கூட்டல் 47.45. எதிரணியில் 24.62, 22.80 என்றால் 47.42. நான்கு ஓட்டம் ஓடி, 0.03 விநாடியில் பதக்கம் கை மாறிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தோற்ற ஓட்டத்தின் நேரமும் இந்தக் கூட்டலுக்குள் வரலாம். பாதித் தடத்திலேயே எதிராளி முந்திவிட்டார் என்று தெரிந்ததும் சிலர் முதுகை நிமிர்த்திவிடுவார்கள். காற்று மார்பில் அடிக்கும், ஸ்கீயின் விளிம்பு பனியைக் கடிப்பது தளரும், கடைசி இரண்டு மூன்று கம்பங்களில் கால் விநாடி கரைந்துபோகும். அணிக்குப் பின்னால் தேவைப்படுவது அந்தக் கால் விநாடியாகவே இருக்கும். அதனால், தோற்கப்போவது தெரிந்தாலும் கோட்டைத் தாண்டும்வரை குனிந்தே வர வேண்டும். எல்லாவற்றையும் பணயம் வைத்து விழுந்துவிட்டாலோ நேரமே பதிவாகாது. முழுப் பாரமும் இன்னொருவர் தலையில் விழும்.

புறப்படுவதும் தனிக் கலை. வழக்கமான ஆல்பைன் பந்தயத்தில் வீரர் புறப்படும் வாயிலில் குறுக்கே இருக்கும் கோலைக் காலால் தள்ளும்போதுதான் கடிகாரம் ஓடும். இங்கே குதிரைப் பந்தயம்போல இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறக்கும். அப்போதே நேரம் தொடங்கிவிடும். அவசரப்பட்டு மூடிய கதவில் உடம்பைச் சாய்த்தவர் தடுமாறுவார். திறந்த பிறகு யோசித்தவர் அங்கேயே பின்தங்குவார்.

தடம் கெடுவதையும் சொல்ல வேண்டும். 16 அணி என்றால் வெண்கல மோதலையும் சேர்த்து 16 மோதல்கள். மோதலுக்கு 4 ஓட்டம். ஆக, ஒவ்வொரு தடத்திலும் அதே கம்பங்களைச் சுற்றி 64 பேர் வரை போகிறார்கள். திருப்பங்களில் பனி அரைபட்டு, மழைக்காலத்து மண்சாலையில் வண்டித்தடம் விழுவதுபோல பள்ளம் விழும். உள்பக்க ஸ்கீ அதில் சிக்கினால் கால் விரிந்து இடுப்பு தரையில் உட்காரும். இடையிடையே ஆட்கள் ஸ்கீயைக் குறுக்கே வைத்துச் சரிந்து உதிரிப்பனியை ஒதுக்கினாலும், இரண்டு தடமும் ஒரே வேகத்தில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2021இல் இத்தாலியின் கொர்த்தினாவில் நடந்த உலகப் போட்டியின் தனிநபர் இணைத்தட ஓட்டத்தில் சிவப்புத் தடம் வேகமாக இருந்தது பெரிய சர்ச்சையே ஆனது.

இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் அறிமுகமானது 2018 பியோங்சாங்கில், தங்கம் சுவிட்சர்லாந்துக்கு. 2026 மிலான்-கொர்த்தினாவில் இது இல்லை. அதற்குப் பதில் வந்த அணிக் கூட்டுப் போட்டியில் ஒருவர் டவுன்ஹில் (நீண்ட சரிவில் அதிவேக ஓட்டம்), மற்றவர் ஸ்லாலம் (நெருக்கமான கம்பங்களிடையே வளைந்து வரும் ஓட்டம்) ஓடி நேரத்தைக் கூட்டுகிறார்கள்; ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஒலிம்பிக் ஆல்பைன் ஸ்கீயில் ஆணும் பெண்ணும் ஒரே அணியாக நின்ற ஒரே போட்டியை எடுத்தது தவறு என்பதே எங்கள் எண்ணம். 2025 உலகப் போட்டியில் அது இருந்தது. ஆஸ்திரியாவின் சால்பாக்கில் நடந்த அதில் இத்தாலி வென்றது.

ஆகவே, இனி இச்செய்தி வரும்போது ‘ஸ்கீ’ என்றே எழுதுங்கள். புள்ளி சமமாக இருந்தால் இரு அணிகளின் கூட்டு நேரத்தையும் பக்கத்தில் அச்சிடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஸ்கீ பந்தய ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி